தை மாதத்துக் கடற்புல்

கடலுக்கு அடியில் புல் முளைக்கும், அதற்கு வேர் உண்டு, பூவும் உண்டு என்று நான் சொன்னபோது இந்த வீட்டில் முதலில் சிரித்தவர் என் கணவர். மானாம்பதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுற்றிலும் நெல். வரப்பில், வாய்க்காலில், ஏரிக்கரையில் எங்கு பார்த்தாலும் புல். அதைப் பிடுங்கிப் பிடுங்கியே இடுப்பு விட்டுப்போனவர்கள் நடுவில், புல்லை அளப்பதற்காக ஒருத்தி ராத்திரி ரயில் ஏறிப் போகிறாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. கடற்பசு என்று ஒரு விலங்கு இந்தப் புல்லைத்தான் மேய்கிறது என்று ஒருநாள் அவரிடம் விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவருடைய சிநேகிதர்கள் மத்தியில் நான் கடல் மாட்டுக்குத் தீவனம் அளக்கிறவள். டீக்கடையில் யாராவது கேட்டால் சீமைப்பசுவைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வாராம், அது எத்தனை லிட்டர் கறக்கும் என்று இன்னும் தெரியவில்லை என்று.

சென்னையில் ஒரு கல்லூரியில் பதிவு செய்து, தொண்டிப் பக்கத்து விரிகுடா ஒன்றில் கடற்புல் எப்படி வளர்கிறது, எவ்வளவு எடை போடுகிறது என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கியது. வேலை சிக்கலானது அல்ல, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் ஒரு இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து, சட்டத்துக்குள் இருக்கும் புல் முழுவதையும் சேறோடு, வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். சல்லடையில் அலசி, ஒவ்வொரு சட்டத்துப் புல்லையும் தனித்தனித் துணிப்பையில் போட வேண்டும். பிறகு இலை தனியாக, மண்ணுக்குள் படரும் தண்டு தனியாக, வேர் தனியாகப் பிரித்து, உலர்த்தி, எடை பார்க்க வேண்டும். வளர்ச்சிக்கு வேறு வழி. புல்லின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டு வந்து, ஒன்றரை வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், துளை இலையோடு மேலே ஏறியிருக்கும். எவ்வளவு ஏறியதோ அவ்வளவு வளர்ச்சி.

நான்கு பருவத்துக்கும் இப்படிச் செய்தாக வேண்டும். மூன்று முடிந்திருந்தது. இரண்டாவது பருவத்தை முடித்தது வயிற்றில் பிள்ளையோடு. மூன்றாவதற்கு அம்மாவையும் கைக்குழந்தையையும் தொண்டியில் ஒரு லாட்ஜில் உட்காரவைத்துவிட்டுக் கடலில் இறங்கினேன். மீதி இருந்தது மழைக்குப் பிந்தைய பருவம். அதற்குள் அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. வடகிழக்குக் காற்று அடங்கித் தண்ணீர் தெளியும் தை மாதத்தில்தான், மழையில் மூடிப்போன புல் திரும்ப எழுந்துவரும். அதை அளக்காவிட்டால் மற்ற மூன்றுக்கும் அர்த்தம் இல்லை. தவறவிட்டால் அடுத்த தை. அடுத்த தைக்குள் என் ஆராய்ச்சிக் காலம் முடிந்துவிடும். இந்த வீட்டின் பொறுமை அதற்கு முன்பே முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

வீடு என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. மாமியார் இல்லாத வீடு. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளை இல்லை என்று புகுந்த வீட்டார் திருப்பி அனுப்பிய பிறகு, நான் வருவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே இந்த வீட்டை நடத்துகிறவர் அவர். மாடு, கீரைப்பாத்தி, ஆள்கூலி, சமையல் எல்லாம் அவர் பொறுப்பு. என் மகள் பிறந்து இந்த வீட்டுக்கு வந்த அன்று அவளை வாசலில் வாங்கியதும் அவர்தான். அப்போது குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். எதற்கு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

தை பிறந்ததும் நான் ஒரு நடை போய்த் துளை போட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் நடைதான் முக்கியம். துளை போட்ட புல்லை எடுக்க வேண்டும், சட்டம் வைத்துத் தோண்ட வேண்டும். மகளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. பால் குடித்துக்கொண்டிருந்தாள். கூட்டிக்கொண்டு போக முடியாது. விட்டுவிட்டுப் போவதா என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததைக் கேட்டுச் சலித்துப்போய் அண்ணி, நான் இருக்கும்போது பிள்ளைக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்டார். கிளம்பிவிட்டேன்.

கடலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. அதுவே என்னைப் பயமுறுத்தியது. தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. மழைக்காலத்தில் பார்த்தபோது சேற்றில் மூடிக்கிடந்த இடங்களில் எல்லாம் இளம்பச்சையாகப் புதுக்குருத்து. பைகளைக் கட்டி ஐஸ் பெட்டியில் அடுக்கி, துளை போட்ட புல்லைத் தனியாக ஒரு டப்பாவில் மூடி, ரயில் ஏறினேன். செங்கல்பட்டைத் தாண்டி நேராகச் சென்னைக்கு, கல்லூரிக்குப் போக வேண்டும். விடியும் நேரத்தில் கணவர் போன் செய்தார். குழந்தைக்கு ஜுரம், வாந்தி, வயிற்றாலே போகிறது, உன்னையே கேட்டு அழுகிறது.

செங்கல்பட்டில் இறங்கிவிட்டேன். பெட்டியை அங்கிருந்தே யாரிடமாவது கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அப்போது தோன்றவில்லை. உத்திரமேரூர் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பைகளை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அடுக்கினேன், டப்பாவை ஃப்ரீசரில் வைத்தேன், பைகளைத் தொட வேண்டாம் என்று அண்ணியிடம் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று படுக்கவைத்துச் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் கையில் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் நாலைந்து இடத்தில் குத்தினாள். அவ்வளவு நேரமும் அவள் என் நெஞ்சையே பிடித்துக்கொண்டிருந்தாள். பால் நிறுத்த வேண்டாம், இப்போதைக்கு அதுதான் மருந்து என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையில் எனக்கு வந்த நிம்மதியை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் மாலை வீடு திரும்பினோம். அன்று தைக் கிருத்திகை. வீடு மெழுகிக் கழுவிப் பளிச்சென்று இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டு காலியாக இருந்தது. அதில் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தில் வாழைநாரால் கட்டிய பச்சை இலைக் கட்டுகள், ஒரே அளவில், அழகாக. எங்கள் பாத்தி முளைக்கீரையைச் சந்தைக்குக் கட்டும்போது எப்படி இருக்குமோ அப்படி. வேர் எல்லாம் ஒரே நேராக நறுக்கப்பட்டிருந்தது.

"நாறிக்கினு கெடந்துதும்மா," என்றார் அண்ணி, நான் கேட்பதற்கு முன்பே. "கிருத்திகை அதுவுமா ஃபிரிட்ஜ்ல கருவாட்டு நாத்தம் அடிச்சா சாமிக்கு எப்பிடிப் படைக்கறது? பாவம், நீ ஆஸ்பத்திரில பேஜார் பட்டுக்கினு கீறேன்னுதான் நானே ஆஞ்சி, நல்ல தண்ணில அலசி வச்சேன்."

"வேர் எங்க அண்ணி?"

"வேர யாராவது வச்சிக்கினு இருப்பாங்களா? எருக்குழில கொட்டிட்டேன்."

பைகளைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார். உள்ளே நான் பென்சிலால் எழுதிப் போட்டிருந்த அடையாளச் சீட்டுகள் குப்பையோடு போய்விட்டிருந்தன. எந்தச் சட்டத்து இலை எந்தக் கட்டில் இருக்கிறது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கடற்புல்லின் எடையில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில்தான் இருக்கும். அது எருக்குழியில் இருந்தது. ஃப்ரீசரில் இருந்த டப்பா மட்டும் தப்பியது.

எருக்குழிக்குப் போனேன். சாணத்துக்குள் கைவிட்டுத் தண்டுகளைப் பொறுக்கினேன். பழுப்பு நிறத்தில், கணுக்கணுவாக, சில இன்னும் உடையாமல் இருந்தன. பொறுக்கி என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் பசு ஒரு கட்டு இலையை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது என்று கணவர் தொழுவத்திலிருந்து சொன்னார். "கடல் மாடுதான் துன்னும்போல. நம்ம மாட்டுக்கு உப்புக் கரிக்குது." சொல்லிவிட்டு நான் இருந்த நிலையைப் பார்த்ததும் வெளியே போய்விட்டார். கெட்டவர் இல்லை. சிரிப்பை நிறுத்தத் தெரியாதவர்.

அறியாமல் செய்தார் என்றுதான் நான் நினைக்க முயன்றேன். கீரையைப் பார்த்தால் வேரை நறுக்கும் கை அது. காலமெல்லாம் அதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் மகள் வயிற்றில் இருந்தபோது ஒரு மதியம், மொச்சை உரித்துக்கொண்டிருக்கையில், நான் அவருக்குப் போனில் படம் காட்டியிருக்கிறேன். மேலே தெரிவதைவிடக் கீழே இருப்பதுதான் கனம் என்று சொல்லியிருக்கிறேன். அப்போ மேல பாக்கறது பாதிகூட இல்ல என்று அவர் சொன்னார். சொன்னாரா, அல்லது அவர் கவனித்துக் கேட்க வேண்டும் என்ற ஆசையில் நானே அவர் வாயில் அதைப் போட்டுவிட்டேனா? இதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. தெரிந்துதான் நறுக்கினீர்களா என்று நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டு அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் குழந்தையை யாரிடம் விடுவது? அதனால் கேட்கவில்லை.

என் பேராசிரியைக்குப் போன் செய்தேன். மேடம் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர். ஒருமுறை முழுவதும் கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு வாரத்துக்குத் தண்ணீர் தெளிவாக இருக்கும், சட்டத்தை மட்டும் திரும்ப வைத்துத் தோண்டினால் போதும், ஒருநாள் வேலை என்றார். குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறாள் என்றேன்.

"குழந்தை அடுத்த மாசமும் இருக்கும்மா," என்றார். "புல்லு இப்படி இருக்காது."

அதில் தவறு எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு வலித்தது. கணவர் வேறு வழி சொன்னார். மூன்று பருவத்துக் கணக்கு கையில் இருக்கிறதே, அதை வைத்து நாலாவதையும் நீயே போட்டுக்கொள், கடலுக்குள் இறங்கி யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். அன்று பூராவும் அதை யோசித்தேன். மழைக்குப் பிறகு எழும் புல் தன் பலத்தை இலைக்குக் கொடுக்கிறதா, வேருக்குக் கொடுக்கிறதா என்பதுதான் என் கேள்வியே. அந்த விடையை நானே எழுதிக்கொண்டால் நான் இத்தனை வருடம் எதற்காகத் தண்ணீரில் நின்றேன். போக வேண்டும் என்றேன். அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார்.

"போ, நான் வோணாம்னு சொல்லல. ஆனா பால மறக்கடிச்சிட்டுப் போ. போன தபா நீ போனதும் பாலுக்குக் கத்திக் கத்திதான் கொயந்தைக்கு ஜொரமே வந்துது. அந்தப் பாவத்த இன்னொரு தபா நான் சொமக்க மாட்டேன்."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டாக்டரா வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப்போகிறார் என்று கேட்டார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் தனியாகக் கேட்டபோது, அக்கா சொல்றதும் சரிதானே என்றார், ஒன்றேகால் வயசு ஆச்சே, ஊர்ல எல்லாம் மறக்கடிக்கறதுதானே. எனக்கு அந்த ஆஸ்பத்திரி நர்ஸின் எண் இருந்தது. அவளையும் கேட்டேன். வயிற்றுப்போக்கு நின்று எடை ஏறும்வரைக்குமாவது கொடுங்கள் என்றாள். எடை ஏறும்வரை என்றால் மாசி வந்துவிடும்.

வேப்பெண்ணெயைக் கொண்டுவந்து வைத்தவர் அண்ணி. தடவிக்கொண்டது நான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் வழக்கமாக வரும் நேரம். வந்து முந்தானையை விலக்கினாள். வாய் வைத்ததும் முகம் சுருங்கியது. எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திரும்பவும் வைத்தாள். துப்பினாள். மறுபக்கம் போனாள், அங்கேயும் அதே கசப்பு. அழவில்லை. உள்ளங்கையால் என் நெஞ்சைத் துடைத்தாள், ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்பதுபோல, துடைத்துவிட்டு மறுபடி வாய் வைத்தாள். அப்புறம்தான் அழுதாள். துடைத்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன். எழுந்தது குழாயடிக்குப் போகத்தான். ஆனால் அண்ணி வாசற்படியிலேயே, டம்ளரில் ஆற்றிய பசும்பாலோடு நின்றுகொண்டிருந்தார். முன்பே ஆற்றி வைத்திருந்திருக்கிறார்.

"அம்மா கசக்குதா கண்ணு?" என்றார். "வா, அத்தகிட்ட வா."

அவள் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னிடம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எட்டிப்பார்த்து, இவ்வளவு சீக்கிரம் மறந்துடுச்சே, கெட்டிக்காரப் புள்ள, எங்க வூட்ல ஒரு மாசம் ஆச்சு என்று பாராட்டினாள். அண்ணிக்கு அதில் பெருமை. நான் ரயிலுக்குப் பை கட்டினேன்.

கடலில் இறங்கும்போது மார்பு கல்லாகியிருந்தது. துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தேன். சென்ற முறை நான் தோண்டிய இடங்கள் தரையில் சதுரம் சதுரமாக மொட்டையாகக் கிடந்தன. அவற்றை விட்டுத் தள்ளி, புல் அடர்ந்த இடங்களில் சட்டத்தை வைத்தேன். குனிந்து மண்வெட்டியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் வலி தோள்வரை ஏறியது. ஒரு கட்டத்தில் முடியாமல் நிமிர்ந்து, என்னைக் கூட்டிவந்த படகுக்காரரிடம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னேன். அவர் திரும்பிக்கொண்டார். கழுத்துவரை தண்ணீருக்குள் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிவிட்டேன். வெள்ளையாகக் கொஞ்சம் பரவி, அலையில் கலைந்துபோனது. பிறகு எழுந்து வேலையைத் தொடர்ந்தேன். தண்டு அறுந்துவிடாமல், வேர் விட்டுவிடாமல் ஒவ்வொரு சட்டத்தையும் சுற்றிலும் வெட்டி, கையை அடியில் கொடுத்துத் தூக்கினேன். அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன் எந்தப் பருவத்திலும் தோண்டியதில்லை.

திரும்பும் ரயிலில் கணவர் போன் செய்தார். குழந்தை நன்றாக இருக்கிறாள், இட்லி தின்றாள், அக்கா மேலே படுத்துத் தூங்குகிறாள் என்றார். செங்கல்பட்டு வந்தது. கதவருகே பெட்டியோடு நின்றிருந்தேன். இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், உத்திரமேரூர் பஸ், அப்புறம் வீடு. இறங்குவதற்குத்தான் எழுந்து வந்தேனா, காற்றுக்காகவா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. பெட்டியில் ஐஸ் பாதி கரைந்திருந்தது. வண்டி கிளம்பியது. நான் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

கல்லூரியில் அன்றும் மறுநாளும் உட்கார்ந்து பிரித்தேன். இலைமேல் ஒட்டியிருந்த பாசியைப் பிளேடால் சுரண்டினேன். தண்டையும் வேரையும் தனித்தனிப் பொட்டலமாக்கி உலர்த்தும் அடுப்பில் வைத்தேன். ராத்திரி விடுதியில் ஒரு சிநேகிதியின் அறையில் படுத்துக்கொண்டேன். ஜுரம் இருந்தது, மாத்திரை போட்டேன். மேடம் வந்து பொட்டலங்களைப் பார்த்தார், இதுபோதும், இனிப் பயமில்லை என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டலுக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்து, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

வீட்டுக்குப் போனபோது வாசலில் அண்ணி நாற்றுக் கட்டுக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார். இடுப்பில் மகள். எண்ணெய் வைத்துத் தலை வாரி, புதுப் பொட்டு வைத்திருந்தார். கையை நீட்டினேன். பார்த்தாள். சிரிக்கக்கூடச் செய்தாள், வீட்டுக்கு வந்துபோகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல. வரவில்லை. அண்ணியின் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"போடி உங்கம்மாகிட்ட," என்று அண்ணி அவள் கையைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். முழு மனசோடுதான் நீட்டினார், அதையும் சொல்ல வேண்டும். பிள்ளை வீறிட்டாள். அவர் திரும்ப அணைத்துக்கொண்டு முதுகில் தட்டினார். தட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சிதா? இனிமே வூட்லதான கீற?"

முடிந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரம், பத்து நாள் மடியில் வைத்துக்கொண்டிருந்தால் வந்துவிடுவாள். பிள்ளைகள் மறப்பதும் சீக்கிரம், திரும்ப வருவதும் சீக்கிரம். ஆனால் பொட்டலங்கள் அடுப்பில் இருந்தன. எடை மாறாமல் நிற்கும்வரை எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டும், அதை வேறு யாரிடமும் விட எனக்குத் துணிச்சல் இல்லை.

"எடை போடணும் அண்ணி," என்றேன். "திங்கக்கிழமை போகணும்."

அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆள்கூலியைப் பேச ஆரம்பித்தார்.